மறுபடியும் ஒரு படம் எடுக்கணும்

போன் வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் நின்று, அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் சொல்வதுதான். கையில் ஒரு கல் வைத்திருப்பேன், அதில் ஒரு கிளிஞ்சல் பதிந்திருக்கும். பிள்ளைகள் அதை வாங்கி, கடல் சத்தம் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார்கள். கல்லுக்குள் என்ன சத்தம் வரும்? ஆனாலும் ஒருத்தியாவது, "கேக்குது டீச்சர்" என்பாள்.

வராண்டாவுக்கு வந்து எடுத்தேன். பெரம்பலூர் ஸ்கேன் சென்டரில் இருந்து ஒரு பெண் பேசினாள். முந்தின வாரம்தான் அங்கே போய் மார்பகப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தேன். கட்டி கிடையாது, வலி கிடையாது. நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார், போனேன். அவ்வளவுதான்.

"மேடம், வலது பக்கத்துல புள்ளி புள்ளியா தெரியுது. மறுபடியும் ஒரு படம் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. பயப்படாதீங்க. செவ்வாக்கெழம வந்துடுங்க."

"என்ன புள்ளி?"

"கால்சியம் மாதிரி மேடம். சுண்ணாம்பு."

பயப்படாதே என்று சொன்னால் எவளுக்குத்தான் பயம் வராது? வகுப்புக்குத் திரும்பினேன். கடலை எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை. "புஸ்தகத்த எடுத்துப் படிங்க, ஒரு சத்தம் வரக் கூடாது" என்று ஒரு கத்து கத்தினேன். பாவம், பிள்ளைகள் சத்தமே போட்டிருக்கவில்லை.

சுண்ணாம்பு எங்களுக்குப் புதிதா? ஊரைச் சுற்றித் தோண்டி எடுப்பதே அதைத்தான். லாரி லாரியாகப் போகும், சாலையோர வேப்பமரம் எல்லாம் வெளுத்து நிற்கும். துணி காய்ந்தாலும் அந்தப் பொடி, ஜன்னலைத் துடைத்தாலும் அந்தப் பொடி. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை, தண்ணீருக்குள் நடந்தேன். லாரிச் சத்தம் எங்கோ மேலே கேட்டது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் தூள் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது, தரைக்கு வந்து சேரவே இல்லை. என் உடம்புக்குள்ளும் ஒரு கடல் இருந்து, எனக்குத் தெரியாமல் வற்றி, கிளிஞ்சலை மட்டும் விட்டுப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் பிளஸ் டூ படிக்கிற மகள் "அம்மா, பசிக்குது" என்பாள். செத்துப்போவேனோ என்று பயமாக இருந்தது. இவள் கல்லூரிக்குப் போவதைப் பார்க்க இருப்பேனா என்று பயமாக இருந்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். வீட்டுக்காரரின் தங்கை, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அவளிடம் சொன்னதற்கும் காரணம் இருந்தது.

முதல் தடவை நான் படம் எடுக்கக் கிளம்பிய காலையில் அவள் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள். விக்கிரமங்கலம் பக்கம் இருக்கிற, வீட்டுக்காரர் வழிக் குலசாமியின் திருநீறு. கட்டிக்கொடுத்த பிறகும் அவள் பிறந்த வீட்டுச் சாமியை விடவில்லை. ஒரு வருடமாகவே அவள் பக்கத்தில் வந்தால் திருநீறு மணம்தான். பக்தி முற்றிப்போச்சு என்று நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

"அண்ணி, படம் எடுக்கிற எடத்துல இதத் தடவிக்கிட்டுப் போங்க. ஒண்ணும் வராது."

"ஏண்டி, நான் சயின்ஸ் டீச்சர்டி."

"டீச்சருன்னா ஒடம்பு இரும்பா?"

"சரி, நீயும் வாயேன். சேந்து எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

"எனக்கென்ன அண்ணி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள். அவளோடு யார் மல்லுக்கட்டுவது? ஒரு சிட்டிகை எடுத்து ரவிக்கைக்குள் தடவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் அவள் கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். மறுநாள் காலையும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் நானே வாசலுக்குப் போய்க் கையை நீட்டினேன். சயின்ஸாவது, மண்ணாங்கட்டியாவது.

செவ்வாய்க்கிழமை இருவரும் பெரம்பலூர் பஸ்ஸில் போனோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வெளியே சோளக்காடு, பருத்திக்காடு, எல்லாவற்றின் மேலும் மெலிதாக வெள்ளை. பஸ் போய்க்கொண்டே இருக்கட்டும், ஊர் வரவே வேண்டாம் என்றிருந்தது. ஸ்கேன் சென்டர் பாத்ரூமுக்குள் போய் மிச்சப் பொட்டலத்தைக் கொட்டி, கை நிறைய அள்ளிப் பூசிக்கொண்டேன். அப்படிப் பூசும்போது அழுகை வந்தது.

ஜில்லென்ற தகட்டின் மேல் வைத்து, மேலிருந்து இன்னொரு தகட்டை இறக்கி அழுத்தினாள் படம் எடுக்கும் பெண். மூச்சை நிறுத்தச் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "இருங்க மேடம்" என்று ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். "போன தடவைய விட நெறைய இருக்கே டாக்டர்" என்று அவள் மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

நானும் எட்டிப் பார்த்தேன். கருப்புக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. இவ்வளவுதானா நம் ஆயுசு என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் வந்து, விரலால் தொட்டு, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"திருநீறு."

"இங்கயா?"

தலையை ஆட்டினேன். போன தடவையுமா என்றார், அதற்கும் ஆட்டினேன். "பவுடர் போட்டிருக்கீங்களான்னு கேட்டேனே மேடம்" என்றாள் அந்தப் பெண். கேட்டாள்தான். குலசாமியைப் பவுடர் என்று யார் நினைப்பார்கள்?

ஈரப் பஞ்சால் துடைத்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். திரும்பவும் தகடு, திரும்பவும் மூச்சை நிறுத்தல். இந்தத் தடவை திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"ஒண்ணுமே இல்லம்மா. நிம்மதியாப் போங்க. அடுத்த தடவ சாமிய வெளிய உக்கார வச்சிட்டு வாங்க" என்று டாக்டர் சிரித்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் நாத்தனாரிடம், "ஒண்ணும் இல்லடி, வா" என்றேன். சாமி படத்தைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். விஷயத்தை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னேன். சிரிப்பு தாங்கவில்லை. "ஒன் சாமி என்னைக் கொன்னுருக்கும்டி! எல்லாம் அந்தத் திருநீறுதான். தண்ணி ஊத்திக் கழுவினதும் அத்தனையும் போயிட்டுது."

அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பாமலே, "அண்ணி, கழுவுனா போயிடுமா?" என்று கேட்டாள்.

"அதான் போயிட்டுதே."

"எனக்குப் போவல அண்ணி."

என் கையை எடுத்து, முந்தானைக்குள் கொண்டுபோய், இடது பக்கத்தில் வைத்தாள். விரலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று இருந்தது. அழுத்தினாலும் நகரவில்லை.

"எத்தனை நாளா?"

"போன ஆடிலேருந்து. நெதமும் தடவறேன். வலியே இல்ல அண்ணி, அதான் சாமி பாத்துக்கும்னு..."

எனக்குத் தந்தது அவள் தனக்கென்று வைத்திருந்ததில் பாதி. அவளை ஓங்கி ஓர் அறை விடலாமா என்று வந்தது. கட்டிக்கொண்டு அழலாமா என்றும் வந்தது. இரண்டும் செய்யவில்லை. எழுந்து நின்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினேன், "நிறுத்துங்க!"

"இங்க ஸ்டாப்பிங் இல்லைங்க."

"இல்லாட்டி என்ன? நிறுத்துங்க சார்!"

நிறுத்தினார். காட்டுப் பக்கமாக இருந்தது, ஒரு கடைகூட இல்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். ஒரு லாரி எங்கள் மேல் தூசியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

"ஒண்ணும் இருக்காதுல்ல அண்ணி?"

எனக்கென்ன தெரியும்? "போயிப் பாப்போம்" என்றேன். "பயப்படாதே" என்று மட்டும் சொல்லவில்லை.

தூரத்தில் பெரம்பலூர் பஸ் வருவது தெரிந்தது. என் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்து, போனதும் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும் என்று சொன்னேன்.