அக்காவின் கம்பளி ஓரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களில் பலர் அவரைக் கொடைக்கானல் அக்கா என்றே அறிவீர்கள்.

ஒத்தக்கடைக்கு அருகே, கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் கொடைக்கானலில் ஒரு மாணவர் விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரி முடித்தேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவார். வயதானபின் வில்லாபுரத்தில் தனியே குடியிருந்தார். மலையிலிருந்து கொண்டுவந்த கம்பளிக்கு மதுரை வெயிலில் வேலையே இல்லை.

சிறுநீரகம் பழுதானபின் வேலை வந்தது. டயாலிசிஸ் அறையின் குளிரில் அக்காவுக்கு உடம்பு நடுங்கும். கம்பளியின் ஓரத்தைக் கழுத்தருகே இறுக்கிப் பிடித்தபடி படுத்திருப்பார். பிடித்துப் பிடித்து அந்த ஓரம் நைந்தது. பிரிந்த நூல் ஒருநாள் குழாயில் சிக்கியதால், இனி இதைக் கொண்டுவர வேண்டாம் என்று செவிலியர் சொன்னார்.

"அப்ப நானும் வரல," என்றார் அக்கா.

அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு முறை தவறினாலும் மூச்சு முட்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். புதுப் போர்வை வாங்கிக் கொடுத்தேன். தடவிப் பார்த்து, சூடு நிற்காது என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் நானே ஊசி எடுத்தேன். பிசிறுகளை வெட்டி, என் பழைய வேட்டியைப் பட்டையாகக் கிழித்து, ஓரத்தை இருபுறமும் மூடித் தைத்தேன். நூலை இழுத்துவிட்டதால் எல்லாம் சுருங்கிக்கொண்டது.

"என்னடா, நெல்லு மூடையத் தச்ச மாதிரி இருக்கு. இதப் போத்திட்டுப் போனா என்னையத் தூக்கி எடை போட்ருவாய்ங்க."

நோயில் விழுந்தபின் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிரித்துவிட்டு, நூலைத் தளர விட்டு மறுபடி தைத்தேன். செவிலியர் ஓரம் முழுவதும் கையால் தடவிப் பார்த்து அனுமதித்தார். அதன்பின் வரமாட்டேன் என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லை.

ஒரு காலையில் வீட்டிலேயே இதயம் நின்று போய்விட்டார். டயாலிசிஸ் நாட்களில் இப்போதும் நான் முன்னதாக எழுந்து குளித்துவிடுகிறேன். போக இடமில்லை. வெளியூரில் படிக்கும் என் மகளிடம், தண்ணீர் குடித்தாயா, கால் வீங்கியிருக்கிறதா என்று தினமும் போனில் கேட்டு அவளைச் சலிக்க வைக்கிறேன்.

இறந்தவர் போர்த்தியதைப் பாயோடு சுடுகாட்டில் போட்டுவிடச் சொன்னார்கள் பெரியவர்கள். பாய் போயிற்று. கம்பளியை, அக்காவுக்கு அடுத்த படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொள்பவரின் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார். "அக்கா போத்துனதுதானண்ணே, குடுங்க. இவருக்கும் அதே நடுக்கந்தான்." பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், அழைத்த நேரமெல்லாம் வந்து நின்ற ஆட்டோத் தம்பிக்கும், வில்லாபுரத்துத் தெருவாருக்கும், அந்தத் தம்பதியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஓரம் பிரிந்தால் கூப்பிடுங்கள், வந்து தைத்துத் தருகிறேன் என்று அந்தத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் கூப்பிடவில்லை.