குர்லாவிலிருந்து பள்ளிவாசல் வரை

மாலை நாலு இருபதுக்கு, குர்லா ஸ்டேஷனில், என் மகள் ஏறிய ரயிலில் என்னால் ஏற முடியவில்லை. பம்பாயின் மின்சார ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. மைமூனை அதில் ஏற்றிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடினேன். வாசலில் தொங்கியவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. கம்பி வழியாக அவள் கை மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. ஹிந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

அது 1967 ஜூன் மாதம். மேலப்பாளையத்தில் நான் சரித்திர ஆசிரியர். தாராவியில் தோல் கிட்டங்கிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் நபிகள் பிறந்தநாள் மீலாது கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். முதல் ஹிஜ்ரத்தும் இன்று நமக்கு அதன் படிப்பினையும் என்பது தலைப்பு; ஹிஜ்ரத் என்றால் கொடுமைக்குத் தப்பி ஊர்விட்டுப் போவது. செம்பூரில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தோம். கூட்டம் நடக்கும் தாராவிப் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டு மாடியில், திரைக்குப் பின்னால், பெண்களுக்கு இடம் உண்டு என்று சொன்னதால் மைமூனும் கிளம்பினாள். முந்தின நாளே வழியைக் காட்டியிருந்தேன்.

"கூட்டத்துல பிரிஞ்சு போனா எங்கயும் நிக்காத. சயான்ல எறங்கி நேரா பள்ளிவாசலுக்குப் போய் இரு. வாப்பா வந்துருவேன்" என்று சொல்லியும் வைத்திருந்தேன். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வண்டி வரவில்லை. மழையில் தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது என்றார்கள். டாக்சிக்காரர்கள் தலையை ஆட்டி மறுத்தார்கள். குர்லாவிலிருந்து சயானுக்கு ஏறக்குறைய இரண்டு மைல். ரோட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர். நடந்தேன்.

மாட்டுங்கா லேபர் கேம்புக்குப் போகிற ஒரு மெக்கானிக் கூடவே நடந்தார். சங்கரன்கோவில்காரர். பாதி திரும்பிக்கொண்ட என் குடையைப் பார்த்து, "அத மடக்கி வையும் சார், குடையாவது நனையாம இருக்கட்டும்" என்றார். மகளைப் பற்றிச் சொன்னேன். "லேடீஸ் டப்பாவுலதான போயிருக்கு? நம்மள மாரி மிதி வாங்காது. மகாராணி கணக்கா எறங்கியிருக்கும்."

சிரிக்க முயன்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பக்கம் தமிழ்ல சத்தமாப் பேசாதிய. முந்தாநாள் ஒரு இட்லிக் கடையில கல்லு விழுந்துச்சு. மதராஸின்னா இப்பம் ஒரு மாதிரிதான் பாக்கானுவ."

மைமூனுக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் வராது. வழி கேட்க அவள் வாயைத் திறந்தாலே ஆபத்து என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. சயான் ஸ்டேஷன் வாசலில் அவள் இல்லை. சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை, பள்ளிவாசலுக்குத்தான் போயிருப்பாள் என்று ஓடினேன்.

ஆறு மணி இருக்கும். பள்ளிவாசலில் பச்சைக் காகிதத் தோரணங்கள் நனைந்து சாயம் ஒழுகிக்கொண்டிருந்தன. உள்ளே நம் ஊர்க்காரர்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க சார், நீங்க வரமாட்டியன்னு நெனச்சோம்" என்று ஒருவர் கையைப் பிடித்தார். மைமூன் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. தண்ணீர் புகுந்ததால் அந்த வீட்டார் போய்விட்டார்களாம்.

பாங்கு சொல்லும் மோதினார் வடக்கத்தி மனிதர், உருதுதான் பேசுவார். ஊர்க்காரர் ஒருவர் அவரிடம் கேட்டுச் சொன்னார்: ஆமாம், ஒரு பெண் வந்தது. வாசற்படியில் ஏறியது. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். "முசல்மான் லட்கி, உருது நஹி ஜான்தி?" என்று என்னையே கேட்டார், முஸ்லிம் பெண்ணுக்கு உருது தெரியாதா என்று. தன்னை முஸ்லிம் என்று அவள் பொய் சொல்வதாக நினைத்தாராம். எந்தப் பக்கம் போனாள் என்று அவர் பார்க்கவில்லை.

நாலு பேர் தேடிப் போனார்கள். "அவ திரும்பி வந்தா நீங்க இங்க இருக்கணும்" என்று என்னை உட்காரவைத்தார்கள். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

பேச வேண்டிய பேச்சு மனசுக்குள் தானாக ஓடியது. மக்காவில் கொடுமை தாங்காமல் முதலில் கடல் தாண்டிப் போனவர்களில் பெண்களும் இருந்தார்கள். அபிசீனியாவின் அரசர் கிறிஸ்தவர். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி மக்காவிலிருந்து தூது வந்தபோது, வந்தவர்களையே கூப்பிட்டு, நீங்கள் யார், என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டார். கேட்டபின் இருக்க இடம் கொடுத்தார். மதீனாவில் நபிகள் நாயகத்தின் பள்ளியில் ஆண்களுக்குப் பின்னால் பெண்களும் அணியாக நின்றார்கள். இதையெல்லாம் பல வருஷமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். அவர்களைப் புகழ்ந்து முடித்ததும் மணி அடித்துவிடும்.

ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிவாசலுக்குப் போய் இரு என்று அனுப்பியவன் நான். அங்கே அவள் எங்கே இருப்பாள் என்று யோசிக்கவில்லை. மோதினார் மேல் கோபப்படவும் முடியவில்லை. மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலாக இருந்தாலும் அவளை வாசலில்தான் நிறுத்தியிருப்பார்கள். ஒரே வித்தியாசம், தமிழில் சொல்லியிருப்பார்கள்.

அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லியாயிற்று. எல்லோரும் அணியில் நின்றார்கள். நானும் நின்றேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியாது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் வாசலில் ஒரு பெண்குரல் உரக்கக் கேட்டது.

"ஏ, இங்க மேலப்பாளையத்து வாத்தியார் யாரு?"

ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அவள் குடைக்குள், யாருடையதோ ஒரு சேலையைத் தலையோடு சுற்றிக்கொண்டு மைமூன் நின்றாள். மோதினார் கையைத் தூக்கினார். அந்த அம்மாள் படியில் ஏறாமலே அவரைப் பார்த்து, "ஒம்ம படிய நாங்க மிதிக்கல, கைய எறக்கும்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நீருதானா? நல்ல வாப்பா! தெருமுக்குல நனைஞ்சுக்கிட்டு நிக்கி. என் வீட்டுக்கு வா தாயின்னா வரமாட்டேங்கு. வாப்பா பள்ளிவாசல்லதான் இருக்கச் சொன்னாவன்னு ஒரே பிடி. நாசரேத்துக்காரி நான், நம்ம பக்கத்துப் பிள்ளைய அப்படி விட்டுட்டுப் போவனா? யாரு, எந்த ஊருன்னு கேட்டேன். கேட்ட பொறவுதான் அழுதுச்சு. கேம்புக்கு இழுத்துட்டுப் போயி, துணி மாத்தி, காப்பி குடுத்துக் கூட்டியாந்திருக்கேன். பிடியும்."

செருப்பில்லாமல் படி இறங்கித் தண்ணீரில் நின்றேன். பின்னால் ஊர்க்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். மைமூன் என் ஈரச்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் திட்டப்போகிறேன் என்று பயந்திருக்கிறாள்.

"நீங்க சொன்ன எடத்துக்குத்தான் வாப்பா மொதல்லயே வந்தேன்" என்றாள்.