லெசியேலியைப் பட்டினி போட்ட வார்டு

பஸ் காயல் சேற்றுக்குள் இறங்கும்போது லெசியேலியின் கண்கள் திறந்தேதான் இருந்தன. இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அலறுவது கேட்டது. எதற்கு அலறுகிறார்கள் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. அலையாத்திக் கிளைகள் கண்ணாடியில் சடசடவென்று அடித்தன. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

பசிபிக் தீவு நாடான டோங்காவில் பஸ் ஓட்டும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவளுடைய அப்பாவின் பஸ் அது. அண்ணன்மார் நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போய் அங்கேயே தங்கிவிட, ஸ்டியரிங் இவள் கைக்கு வந்தது. கிழக்குக் கிராமங்களிலிருந்து தலைநகர் நுகுஅலோஃபாவுக்குத் தினமும் ஓட்டினாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஏறும்போதே பிள்ளைகளைக் கிண்டலடித்து, இறங்கும்போது தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவள் என்பதுதான் ஊரில் அவளுக்கு இருந்த பெயர்.

அன்றைக்கு அந்தப் பெயர் சேற்றோடு போயிற்று. ஆட்கள் ஓடிவந்து பிள்ளைகளை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். ஒரு சிறுமிக்குக் கை முறிந்திருந்தது. லெசியேலியை வெளியே இழுத்தபோது அவள் ஒருத்தரை எட்டி உதைத்தாள், குழறிக் குழறி ஏதோ பாட்டுப் பாடினாள். சட்டை வியர்வையில் ஊறிக் கிடந்தது.

"காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்திருக்கா பாரு!"

"பிள்ளைங்களக் கொல்லப் பாத்தியேடி பாவி!"

கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும் ஒரு இளநீரை வெட்டி அவள் வாயில் ஊற்றினார். பாதி வெளியே வழிந்தது, பாதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் லெசியேலி எழுந்து உட்கார்ந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். "ஐயோ, பிள்ளைங்க? பிள்ளைங்களுக்கு என்னாச்சு?" என்று கத்திக்கொண்டு காயல் பக்கம் ஓடினாள்.

அதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. இப்போதுதான் தன்னிலை தெரியாமல் கிடந்தவள் அடுத்த நிமிஷம் தெளிவாகப் பேசினால் அது நடிப்பு இல்லாமல் வேறென்ன? போலீஸ் குழாயில் ஊதச் சொன்னபோது சாராய வாடையே வரவில்லை. அப்படியானால் சாராயம் இல்லை, ஐஸ் என்கிற போதைப் பவுடர் என்று ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. லைசென்ஸைப் பிடுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார ஆள் இல்லை.

நாத்தனார் மெலியானே வீட்டுக்கே வந்துவிட்டாள். புருஷனின் அக்கா என்றால் டோங்காவில் அவள் வைத்ததுதான் சட்டம். மரியாதைக்கு இடுப்பில் சுற்றிக்கட்டும் பாயை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என் தம்பிக்குச் சக்கரை வியாதி, அவனோட மானத்தையும் சேத்துத் தின்னுட்டியா? எங்கேடி வாங்குற அந்தப் பவுடர?"

"அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. காலையில தலைக்குள்ள யாரோ வெளக்கை அணைக்குற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

"வெளக்கு அணையுதாம்! அடுப்புல இருக்குறத மட்டும் மறக்காம தின்னு தின்னு எப்படிப் பெருத்திருக்கே பாரு."

அந்தச் சொல் லெசியேலிக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஒரு வருஷமாக உடம்பு ஏறிக்கொண்டே போனது. எதையாவது வாயில் போட்டால்தான் நிதானமாக இருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் அவித்த மரவள்ளி வைத்துக்கொண்டு தூங்கினாள். விபத்தன்று கடைசிப் பிள்ளை பால் பொங்கவிட்டதைத் துடைத்துக்கொண்டிருந்ததில் எதுவும் தின்னாமல் வண்டியை எடுத்திருந்தாள்.

சிறுமியின் கைக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியிலேயே லெசியேலியையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் டாக்டர் டோவாகசேயைச் சந்தித்தாள். வவாவுத் தீவுக்காரப் பெண், முப்பதைத் தாண்டியிருக்காது. கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, இளநீர் குடிச்சதுக்கப்புறந்தானே தெளிஞ்சீங்க? முன்னாடியா, பின்னாடியா?"

"குடிச்சப்புறம்னுதான் சொல்றாங்க. எனக்கு இளநீர் குடிச்சதே நினைவில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "ரத்தத்துல சக்கரை கீழ விழுந்தா மூளைக்குத் தீனி இல்லாமப் போயிடும். குடிச்சவங்க மாதிரிதான் ஆயிடுவாங்க. ஆனா சும்மா இருக்குற ஆளுக்கு அப்படி விழாது. ஏன் விழுதுன்னு பாக்கணும். அதுக்கு உங்களப் பட்டினி போடணும்."

"பட்டினியா?"

"இங்க படுக்க வச்சு, தண்ணி மட்டும் குடுத்து, விழுற வரைக்கும் காத்திருக்கணும். விழுந்த அந்த நேரத்துல ரத்தம் எடுத்தாத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். முன்னாடி எடுத்தாலும் வீண், பின்னாடி எடுத்தாலும் வீண்."

"ரொம்ப விழுந்துட்டா?"

டாக்டர் மழுப்பவில்லை. "வலிப்பு வரலாம். மூச்சு நிக்கலாம். அதனாலதான் நான் கூடவே இருப்பேன்."

சேர்த்த அன்று காலை நர்ஸ் ஃபூசி, லெசியேலியின் பையை வாங்கிக் கட்டில்மேல் கொட்டினாள். உள்பாவாடையைக்கூட உதறிப் பார்த்தாள். லெசியேலிக்கு முகம் சிவந்தது.

"என்ன சிஸ்டர் தேடுறீங்க? பவுடரா?"

ஃபூசி பதில் சொல்லாமல் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பவுடர் இல்லக்கா. சக்கரைய இறக்குற மாத்திரை. உங்க வீட்டுல யாராவது சாப்பிடுறாங்களா?"

"என் வீட்டுக்காரர் சாப்பிடுறார்."

"சக்கரை வியாதி இல்லாதவங்க அதைச் சாப்பிட்டா உங்களுக்கு வந்த மாதிரியேதான் வரும். தெரிஞ்சே சாப்பிடுறவங்க உண்டு. தெரியாமக் குடுக்கப்பட்டவங்களும் உண்டு. ரெண்டையும் நான் கேட்டுத்தான் ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தினமும் காலையில் லெசியேலிக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பது அவள் புருஷன் பௌலியாசி. கல்யாணமான நாளிலிருந்து அவன்தான். அதிகம் பேசாத ஆள், மரவள்ளித் தோட்டமும் மீன்வலையும் உண்டு, ராத்திரி காவா வேர்ச்சாறு குடிக்கும் ஆண்கள் வட்டத்தில் உட்கார்ந்து வருவான். அந்தக் கோப்பையை அவன் கலக்கும் கை அவள் கண்முன் வந்து நின்றது. போகச் சொன்னாலும் போகவில்லை.

முதல் நாள் கடந்தது. ஃபூசி விரல்நுனியைக் குத்திக் குத்திக் கருவியில் சர்க்கரை அளவைப் பார்த்தாள். எதிர்க்கட்டில்காரிக்கு வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொட்டலம் வந்தது. வாசனையில் லெசியேலிக்கு எச்சில் ஊறி அழுகை வந்தது. "தங்கச்சி, அத வெளிய கொண்டுபோய்த் தின்னேன். உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் சிரிப்பு நின்றது. எண் இறங்கத் தொடங்கியது. உள்ளங்கை சில்லிட்டது. உதடு மரத்தது. ஃபூசிக்கு இரண்டு முகம் தெரிந்தது.

"டாக்டர், போதும். குளுக்கோஸ் ஏத்திடலாம்," என்றாள் ஃபூசி. சிரிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இல்ல."

"நடுங்குறாங்க டாக்டர்!"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சிஸ்டர். இப்ப ஏத்தினா இன்னொரு தடவை இதே பட்டினியப் போடணும். அக்கா, உங்க பேரு சொல்லுங்க."

"லெசியேலி."

"எங்க இருக்கீங்க?"

லெசியேலி யோசித்தாள். டாக்டரின் வாய் அசைவது தெரிந்தது. எங்கே போகவேண்டும் என்று கேட்கிறாளாக்கும். "ஏறு, ஏறு, வழிய அடைக்காத, உள்ள தள்ளு" என்றாள் உரக்க. எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துத் திருப்பினாள். ஃபூசி தடுத்ததும் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"இப்ப எடு!" என்றாள் டாக்டர்.

இரண்டு பேர் பிடித்து அமுக்க, ஃபூசி கன்னம் எரிய எரிய நரம்பைத் தேடினாள். முதல் குத்தில் கிடைக்கவில்லை. லெசியேலியின் கண் மேலே செருகியது, கால் வெட்டியது. இரண்டாவது குத்தில் ரத்தம் குழாய்க்குள் ஏறியது. அது நிறைந்ததும் அதே ஊசி வழியாகக் குளுக்கோஸை உள்ளே தள்ளினார்கள். கொஞ்ச நேரம் கழித்து லெசியேலி கண்ணைத் திறந்து, ஃபூசியின் கன்னத்தைப் பார்த்து, "யாரு சிஸ்டர் உங்கள அடிச்சது?" என்று கேட்டாள்.

ரத்தம் நியூசிலாந்துக்கு விமானத்தில் போனது. அங்கேதான் இன்சுலின் அளவையும், அதில் மாத்திரை கலந்திருக்கிறதா என்பதையும் பார்க்க முடியும். பதில் வர நாளாகும், அதுவரை நேரம் தவறாமல் சாப்பிடவேண்டும் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாள்.

அந்தக் காத்திருப்புத்தான் அவளுக்குப் பட்டினியைவிடக் கொடுமையாக இருந்தது. பௌலியாசி காலையில் தேநீரை நீட்டினால் "வயிறு சரியில்ல" என்பாள். அவன் போனதும் வாழைத்தூரில் கொட்டுவாள். அவன் சுட்ட மீனைத் தொடமாட்டாள். தானே அவித்து, தானே தின்றாள். அவன் மாத்திரை டப்பியை எங்கே வைக்கிறான் என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு, இப்படிப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வரும். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே குற்றம் செய்தவன் செய்கிற வேலையாக அவளுக்குத் தோன்றியது.

ஒருநாள் காலை தோட்டத்தில் மழை. அடுப்பு பற்றவில்லை. கையில் அவித்தது எதுவும் மிச்சமில்லை. பௌலியாசி நிறையச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்த தேநீரை அவள் தட்டிவிட்டாள். கோப்பை உடைந்தது. அவன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு குனிந்திருந்தபோதே அவள் சுவரோடு சரிந்தாள்.

அப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது. தெளிந்தபோது வாயெல்லாம் தேனும் இரும்பு ருசியுமாக இருந்தது. பௌலியாசி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். கிட்டித்த பல்லுக்குள் விரலை விட்டுத் தேனைத் தடவியிருக்கிறான், அவள் கடித்திருக்கிறாள். ஆள்காட்டி விரல் எலும்பு வரைக்கும் பிளந்திருந்தது. ரத்தம் அவன் முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போதும் அவன் இன்னொரு கையால் தேனைத் தொட்டு அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

"முழுங்கு," என்றான். "என்மேல சந்தேகம்னா அப்புறம் சந்தேகப்படு. இப்ப முழுங்கு."

அவள் விழுங்கினாள்.

"தெரியுமா உனக்கு?" என்றாள்.

"வாழைத்தூருல எறும்பு மொய்க்குது. தெரியாம இருக்க நான் என்ன குருடனா?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லன்னு சொல்லுவ. அதுக்கப்புறம் நாம ரெண்டு பேருமே பொய்ய வச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்ணணும்."

சர்க்கரை வியாதிக்காரன் விரல் சீக்கிரம் ஆறாது. சீழ் வைத்து, அவனையும் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் லெசியேலி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் டாக்டர் டோவாகசே கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். மெலியானேயும் அங்கே இருந்தாள், தம்பியின் விரலைக் கடித்தவளைக் கரித்துக்கொட்டிக்கொண்டு.

"மாத்திரை இல்ல," என்றாள் டாக்டர் மூச்சு வாங்க. "ரத்தத்துல ஒரு பொட்டு மாத்திரை இல்லக்கா. இன்சுலின் உங்க உடம்பே சுரக்குது, நிறுத்தாமச் சுரக்குது. கணையத்துல ஒரு கட்டி இருக்கணும். லட்சக்கணக்கான பேருல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ வர்றது. படிக்கும்போது படிச்சிருக்கேன், இப்பத்தான் முதல் தடவையாப் பாக்குறேன்."

லெசியேலி பௌலியாசியைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட அவன் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மெலியானே கரித்துக்கொட்டுவதை விட்டுவிட்டு அருகே வந்தாள். "கட்டியா? அத வெட்டி எடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

எடுக்கலாம். ஆனால் அங்கே முடியாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எடுத்த படத்தில் கட்டி சரியாகப் புலப்படவில்லை. சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார்: வயிற்றைத் திறந்து கையால் தடவித் தேடவேண்டும், கிடைக்காவிட்டால் மூடிவிட்டுத் திரும்பவேண்டியதுதான். அண்ணன்மார் மூன்று பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பாடினார்கள், காவலாளி வந்து மெதுவாகப் பாடச் சொல்லும்வரை. உள்ளே சர்ஜனின் விரல் கணையத்தின் மேல் நெடுநேரம் ஊர்ந்தது. இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாம் முறை, வால்பக்கத்தில், ஒரு கொண்டைக்கடலை அளவுக்குக் கெட்டியாக ஏதோ இடறியது. அதை வெட்டியெடுத்ததும் அவள் ரத்தத்தில் சர்க்கரை தானாக ஏறத் தொடங்கியது.

லைசென்ஸ் திரும்பக் கிடைக்க நிறைய அலையவேண்டியிருந்தது. அதற்குள் கை முறிந்த சிறுமியின் வீட்டுக்கு, மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி, பாயும் பன்றியும் கொண்டுபோய், தலையைக் குனிந்து வாசலில் உட்கார்ந்தாள் லெசியேலி. கூடவே மெலியானேயும் தலையில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. சிறுமியின் அம்மா நெடுநேரம் உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டாள். கூப்பிட்டாளே, அது போதும்.

டாக்டர் டோவாகசே அந்த நோயைப்பற்றி மற்ற டாக்டர்கள் கூட்டத்தில் பேசினாள். லெசியேலியும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் 'நோயாளி, பெண், பேருந்து ஓட்டுநர்' என்று மட்டும் இருந்தது. பெயர் போடக்கூடாதாம், அதுதான் முறையாம்.

"கேள்வி இருந்தாக் கேக்கலாம்," என்றாள் டாக்டர்.

லெசியேலி எழுந்து நின்றாள். அந்தப் பெரிய குரலில் கேட்டாள்: "என் பேரப் போடுங்க டாக்டர். குடிகாரின்னு சொன்னப்ப மட்டும் எல்லாரும் பேரச் சொல்லித்தானே சொன்னாங்க?"

டாக்டர் திரையை விட்டு நகர்ந்து, அவளை முன்னால் வரச் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு அவள் பெயரைச் சொன்னாள்.