வதனியும் நானும் குடிபுகுந்த வீடு

கீழ்வீட்டு நோர்வேக் கிழவி மாரித் ஒரு நாள் கேக்கோடு வந்து என் கதவைத் தட்டினாள். என் வீட்டில் பெண் குரல் கேட்கிறதாம், ஊரிலிருந்து மனைவி வந்துவிட்டாளாம், வரவேற்க வேண்டாமா என்றாள். அவள் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் என்றேன். "நேற்று இருவரும் சிரித்தீர்களே?" என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மேசையில் கிடந்த கண்ணாடியைக் காட்டி, இதை முகத்தில் மாட்டினால் கணினிக்குள் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது, பின்னேரங்களில் அங்கேதான் குடும்பம் நடத்துகிறோம் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் விளக்கினேன். கேக்கை என் கையில் தந்துவிட்டு, தனிமை பொல்லாதது, வைத்தியரிடம் கதைத்துப் பார் என்றாள். கேக் நன்றாகத்தான் இருந்தது.

கொக்குவிலில் வதனியைக் கலியாணம் கட்டிய கையோடு ஒஸ்லோவுக்குத் திரும்பியவன் நான். அவளுடைய விசா இழுபட்டது. தொலைபேசியில் "சாப்பிட்டியளோ, குளிரோ" என்பதோடு கதை தீர்ந்துவிடும். பிறகு திரையில் முகத்தை முகம் பார்த்து முழிக்க வேண்டியதுதான். அவளுக்கும் ஒரு கண்ணாடி வாங்கி ஊருக்கு அனுப்பினேன். அந்தக் கணினி வீட்டில் அப்படியில்லை. நான் வேலி அடைப்பேன், அவள் பூமரம் நடுவாள். கதைக்காமலே பக்கத்தில் இருக்கலாம். கலியாணத்தில் பாதி அதுதானே. யாருக்கும் தாகம் எடுக்காத அந்த உலகத்தில் கிணறுகூடக் கட்டினோம். புதுவீட்டில் குடிபூரலுக்கு நல்ல நாள் கேட்க மாமி ஐயரிடம் போனா. வாசல் எந்தத் திசை என்று அவர் கேட்டிருக்கிறார். அங்கே சூரியன் நகராமல் உச்சியிலேயே நிற்கும். திசைக்கு நாங்கள் எங்கே போவது? "திசையில்லாத வீட்டுக்கு நாள் வைக்கேலாதாம், தம்பி," என்றா மாமி. நல்ல நேரம் பார்க்காமலே பால் காய்ச்சினோம்.

ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம். பிரிந்திருந்த காலத்தில் அந்த வீடுதான் எங்களைச் சேர்த்து வைத்திருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு நாள் முன்பின் தெரியாத எவனோ முற்றத்துக்குள் நுழைந்து வதனியிடம் தூஷணம் கதைத்தான். அவளால் சில நாட்கள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு வாசலுக்குப் பூட்டுப் போட்டோம். கெட்டதெல்லாம் வெளியிலிருந்துதான் வரும் என்று நம்பினேன்.

போன இலையுதிர் காலத்தில் வதனி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்துக்குப் பெரியப்பா குடும்பமும் ஊர்ச்சங்கத்து ஆட்களும் ஒரு வான் நிறைய வந்திருந்தார்கள். அத்தனை பெரியவர்கள் முன்னால் நான் அவளுடைய பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் அவள் எனக்குப் புது ஆளாக இருந்தாள். கணினிக்குள் என்னோடு வாய்க்கு வாய் கதைத்தவள் இங்கே சோற்றைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். இப்படியே மார்கழியும் வந்தது. இவளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

ஒரு பின்னேரம் படுக்கையறையிலிருந்து என் கைபேசிக்குச் செய்தி வந்தது: "கிணத்தடிக்கு வாங்கோ."

நான் கூடத்துக் கதிரையில் இருந்தபடியே கண்ணாடியை மாட்டினேன். கிணற்றடியில் நின்றாள்.

"எனக்கு உங்களோடை கோவம்."

"ஏனப்பா?"

"அண்டைக்கு எயாப்போட்டிலை பெட்டியைத்தான் பிடிச்சனீங்கள். என்ரை கையைப் பிடிக்கேல்லை."

"பெரியாக்கள் நிண்டவை, வதனி."

"ஓம், நிண்டவை. வீட்டை வந்தாப் பிறகு ஆர் நிண்டவை?"

அவள் கையைப் பிடித்தேன். பிடித்ததாகக் கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அழத் தொடங்கினாள். அந்த அழுகை முதலில் சுவர் வழியாக வந்தது. கண்ணாடி வழியாகக் காதுக்குள் சற்றுப் பிந்தி வந்தது. படுக்கையறைக் கதவு பக்கத்தில்தான். ஆனால் கண்ணாடியைக் கழற்றினால் கிணற்றடியில் அவள் கையை விட்டுவிட்டுப் போனவன் ஆகிவிடுவேன்.