சாம்பலனின் முகம்

சாம்பலனைத் தெரியாத பிள்ளை தென்காசியில் கிடையாது. ஊரையே எரித்து, அந்தச் சாம்பலை உடம்பில் பூசிக்கொள்வேன் என்று கொக்கரிக்கிற காமிக்ஸ் வில்லன். பழைய படக்கதை ஒன்றைச் சென்னை டிவிக்காரர்கள் தூசிதட்டி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தொடராக இரண்டு வருஷம் ஓட்டினார்கள். பிள்ளைகள் முதலில் சாம்பலனைப் பார்த்துப் பயந்தார்கள். பிறகு அவனைப் போலவே கையை விரித்துக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த ரப்பர் முகமூடிக்குள் வேர்த்து ஊறிக் கிடந்தது பலவேசம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

பலவேசத்துக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. சாரல் இருக்கிற மட்டும் கைக்கு ஓய்வில்லை, அருவி வற்றினால் அடுப்பும் வற்றும். அப்படியொரு சீசனில்தான் டைரக்டர் அவர் முன்னால் குப்புறப் படுத்தார். தேய்த்து முடித்து எழுந்தவர் பலவேசத்தின் உயரத்தையும் தோளையும் பார்த்துவிட்டு, "நடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நடிப்பாவது மண்ணாவது! முகத்தை ரப்பர் மூடிவிட்டது. குரலைச் சென்னையில் வேறொருத்தர் கொடுத்தார். மிச்சமிருந்தது உடம்பு ஒன்றுதான். அதைத்தான் வாராவாரம் அடித்தார்கள், உதைத்தார்கள், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அவருடைய ஒரே மகள் ஜெயபிரியா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். "சாம்பலன் எங்கப்பாதான்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லப்போய், பொய்க்காரி என்ற பேர் அவள்மேல் விழுந்தது. முதலில் அப்படிக் கூப்பிட்டது எதிர்வீட்டு ஃபாயிஸா. அப்புறம் வகுப்பே கூப்பிட்டது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள், அதைத்தான் பலவேசத்தால் தாங்க முடியவில்லை.

கடைசி வாரம் முகமூடியைக் கழற்றுவார்கள், அப்போது உங்கள் முகத்தை ஊரே பார்க்கும் என்று டைரக்டர் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தார். முதுகு விட்டுப்போன நாளிலும் பலவேசம் ஷூட்டிங்குக்குப் போனது அந்த ஒரு வாக்குக்காகத்தான்.

"கொஞ்சம் பொறுட்டி," என்பார் மகளிடம். "கடைசில அப்பா மூஞ்சிய காட்டுவாங்க. அன்னைக்குப் பாப்போம் யாரு பொய்க்காரின்னு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? கடைசிக் காட்சிக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு நடிகர் காரில் வந்தார். குற்றாலத்துக்கு மேற்கே ஓடைக்கரையில் அவருக்கு முகமூடியை மாட்டினார்கள், கதாநாயகன் அதைப் பிடுங்கினான், நடிகர் கண்ணை உருட்டினார், அவ்வளவுதான். பிணமாகக் கிடக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. புதுப்படத்துக்குப் பூஜை போட்டிருக்கிற நேரத்தில் சாவு வேஷம் ஆகாதாம். ஆகவே செத்துக் கிடக்கப் பலவேசத்தைக் கூப்பிட்டார்கள். பாறையில் மூக்கு அழுந்த, குப்புறக் கிடந்தார்.

முடிந்ததும் எழப்போனவரை உதவி டைரக்டர் ஜோஷ்வா ஓடிவந்து பிடித்தான். "அப்படியே எந்திரிக்காதீங்க அண்ணாச்சி. கேமராவப் பாத்துச் சிரிச்சிட்டு எந்திரிங்க."

செத்ததாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாவு ஒட்டிக்கொள்ளும் என்று படப்பிடிப்பில் ஒரு சாங்கியம். பலவேசம் திரும்பினார். முகமூடி இல்லாத அவர் முகத்துக்கு எதிரே கேமரா இருந்தது, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. சிரித்தார். ஜோஷ்வா போதும் என்ற பிறகும் சிரித்தார்.

"தம்பி, இது டிவில வருமா?"

"பாப்போம் அண்ணாச்சி," என்றான் ஜோஷ்வா, வயரைச் சுற்றிக்கொண்டே.

பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். ஆசைப்பட்டவன் காதில்தான் அது ஆமாம் என்று விழும்.

வீட்டில் காலெடுத்து வைக்குமுன் ஜெயபிரியா கேட்டாள். "மூஞ்சிய எடுத்தாங்களாப்பா?"

"எடுத்தாங்கட்டி. முகமூடிய கழட்டும்போது வேற ஆளு வருவாரு. அதுக்கப்புறம், கடைசில அப்பா சிரிப்பேன் பாரு."

பீடி சுற்றிக்கொண்டிருந்த மனைவி முப்பிடாதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா விசாரிச்சியளா? பிள்ளை ஊரெல்லாம் சொல்லிரும்."

சொல்லித்தான் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு கொள்ளாமல் பிள்ளைகள், ஃபாயிஸாகூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜெயபிரியா எல்லாருக்கும் முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் பலவேசத்துக்கு முப்பிடாதியம்மாள் கேட்டது ஞாபகம் வந்தது. வெளியே போய் ஜோஷ்வாவுக்குப் போன் போட்டார்.

"அந்தச் சிரிப்பா? அண்ணாச்சி, அப்ப கேமராவே ஓடல. சாங்கியத்துக்குத்தானே, அதப் பாத்துச் சிரிச்சாப் போதும்."

உள்ளே சண்டை முற்றியிருந்தது. கதாநாயகன் சாம்பலனை ஓடைக்கரைக்குத் துரத்திவிட்டான். பலவேசத்துக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சந்துக்குள் போய், மீட்டர் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

"கரண்ட் போச்சே!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஃபாயிஸாவின் அம்மா நூர்நிஷா எதிர்வீட்டு வாசலுக்கு வந்தாள். "எங்க வீட்ல இருக்குட்டி, எல்லாரும் இங்கன ஓடியாங்க!" பிள்ளைகள் மொத்தமாக அங்கே பாய்ந்தார்கள்.

ஜெயபிரியா மட்டும் போகவில்லை. நம் வீட்டில் மட்டும் எப்படிப் போயிற்று என்று பார்க்கச் சந்துக்கு வந்தாள். அப்பாவின் கையில் ஃபியூஸ் கட்டை இருந்தது.

எதிர்வீட்டில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பிறகு தொடர் முடிகிற பாட்டு. பிறகு ஃபாயிஸாவின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி: "முடிஞ்சிட்டுப்பா, அவ அப்பா வரவே இல்ல! அவ பொய்தான் சொல்லுதா!"

ஜெயபிரியா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க சாம்பலனே இல்லியாப்பா?" என்று கேட்டாள்.

நான்தான்ட்டி என்று சொல்ல வாயெடுத்தார் பலவேசம். சொன்னால் நம்புவாளா என்று பயமாக இருந்தது. திரும்பி, ஃபியூஸை மாட்டினார்.