மூன்று மணிக்கு விழித்திருப்பவர்கள்

1997 ஆவணியில் அம்மாவுக்கு முதியோர் இல்லம் தேடினோம். நான் மின் பொறியியலாளன். வாரத்தில் நாலு நாள் வெளியூர் வேலை. அம்மா கண்டி வீட்டில் தனியே அடுப்பை மூட்டுவார், மூட்டியதை மறந்துவிடுவார். இரண்டாம் முறை திரைச்சீலை எரிந்தபோது, "சரி, போறன். ஆனா என்னை மயக்கிப்போடாத இடமாப் பார்" என்றார்.

அம்மா சரோஜினிதேவி, பருத்தித்துறைக்காரி. அரசாங்க ஆசுபத்திரியில் முப்பத்தொரு வருடம் மருந்து கொடுத்தவர். நேற்றுச் சாப்பிட்டதை மறந்தாலும், எந்தக் குளிசை என்ன செய்யும் என்பதை மறக்கவில்லை.

என்ன கொடுத்து மயக்குவார்கள் என்று கேட்டேன். "மனநோய்க் குளிசை, மோனை. அந்த வருத்தக்காரருக்கு நல்லது. சத்தம் போடுற கிழடுகளுக்குக் குடுத்தா, இல்லம் நடத்துற மேற்றனுக்கு நல்லது."

நான் ஓர் அட்டவணை போட்டேன்: தூரம், வைத்தியர் வரும் நாட்கள், கழிவறைகள். அம்மா பென்சிலை வாங்கி ஒரு நிரல் சேர்த்தார்: பகல் மூன்று மணிக்கு விழித்திருப்பவர்கள்.

"ஆருக்கு அந்தக் குளிசை குடுக்கிறியள் எண்டு கேட்டா சொல்லமாட்டினம். கடுதாசி விளையாடக் கூப்பிடு. தெரிஞ்சுபோகும்."

அவருடைய சீட்டாட்டம் முந்நூற்றுநாலு. நாலு பேர் வேண்டும், முப்பத்திரண்டு சீட்டுகள் போதும், ஜாக்தான் பெரியது. களவு விளையாடுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

முதல் இல்லம் கண்டி நகரில். தரை பளபளத்தது. பதினெட்டுக் கதிரைகள், பதினெட்டு முதியவர்கள். அம்மா ஒருவரின் கையில் நாலு சீட்டு வைத்தார். அவை ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன.

"நல்ல அமைதி, இல்லையா?" என்றார் மேற்றன்.

"ஓம். பிரேத அறையிலயும் இப்பிடித்தான்."

இரண்டாவது இல்லம் கம்பளையில். இரண்டு பேர் விளையாட உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குத் தட்டில் குளிசைகள் வந்தன. அம்மா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இங்க ஆருக்கு மனநோய்?"

"யாருக்கும் இல்லங்க. பின்னேரம் தொல்லை குடுப்பாங்க, அதான்."

அம்மா சீட்டுகளைக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

மூன்றாவது இடத்துக்குப் போகும்போது கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் பையைக் கிளறினான். சீட்டுகளை எண்ணினான். மிச்சம் எங்கே என்று கேட்டான். "உதவாததுகளை வீட்டில விட்டுட்டன்" என்று அம்மா சிங்களத்தில் சொன்னார். அவன் சிரிக்கவில்லை.

கலகெதரப் பக்கம் இருந்த அந்த இல்லத்தை றம்லத் என்ற ஓய்வுபெற்ற தாதி நடத்தினார். வாசலிலேயே சண்டை கேட்டது. புடவைக்கடை வைத்திருந்த லாபிர் ஹாஜியாரும் தோட்டத்தில் வேலை செய்த கறுப்பையாவும் வானொலிக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஈரம். ஒரே கழிவறை. என் அட்டவணையில் கடைசி.

அந்த இருவரோடும் றம்லத்தோடும் அம்மா விளையாட உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் ஹாஜியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"றம்லத், இந்தப் பொம்பள களவு விளையாடுறா!"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "மோனை, இங்கதான்."

அடுத்த தையில் கண்டியில் குண்டு வெடித்தது. வானொலியில் கேட்டதிலிருந்து, பின்னேரமானால் அம்மா கத்தத் தொடங்கினார்: "கதவைப் பூட்டு, வாறாங்கள்!" எண்பத்துமூன்றுக் கலவரத்தில் இரண்டு நாள் ஆசுபத்திரி மருந்துக் களஞ்சியத்தில் ஒளிந்திருந்தவர். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, தப்பினார்.

ஐந்தாம் நாள் றம்லத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, டொக்டர் அந்தக் குளிசைய எழுதித் தந்துட்டார். ராவு வரைக்கும் கத்துறாங்க, இங்க ஒருத்தருக்கும் தூக்கமில்ல. நீங்க சரின்னா குடுக்கிறேன்."

சரி என்பது வாய்வரை வந்தது. "நாளைக்கு வாறன், பொறுங்கோ" என்றேன்.

பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றும் நாலு திருகாணிகளும் கொண்டுபோனேன். கூடத்துக் கதவின் உட்புறம், அம்மாவின் கை எட்டும் உயரத்தில் பொருத்தினேன். கத்தல் தொடங்கியதும் அம்மாவைக் கதவடிக்குக் கூட்டிப்போனேன். தாழ்ப்பாளைத் தானே தள்ளினார். கதவை இழுத்துப் பார்த்தார். திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.

"சரி. ஆர் சீட்டுப் போடுறது?"

புள்ளி எழுதத் தாள் கேட்டார். றம்லத், டொக்டர் குளிசை எழுதித் தந்த துண்டுத்தாளை நீட்டினார்.

கத்தல் ஒரேயடியாக நிற்கவில்லை. குறைந்தது. அந்தக் குளிசை ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை.

1999 மாசியில் அம்மா போய்விட்டார். நிமோனியா. அதற்கு முந்தின நாள் மூன்று மணிக்கும் விழித்துத்தான் இருந்தார். என்னை ஆர் என்று கேட்டார்.

அம்மாவின் தலையணை உறையைக் கழற்றினேன். டொக்டரின் துண்டுத்தாள் விழுந்தது, பின்புறம் முழுக்கப் புள்ளிகள். கூடவே இஸ்பேட் ஜாக். அது காணாமற்போய் மூன்று மாதம். சவர்க்காரப் பெட்டி அட்டையில் வெட்டிய ஜாக்கை வைத்துத்தான் விளையாடி வந்தார்கள்.

ஹாஜியார் சீட்டை வாங்கிப் பார்த்தார். "மூணு மாசமா கறுப்பையாவ ஏசினேனே" என்றார். மூக்கைச் சிந்தினார். "முதல் நாளே சொன்னேன் தம்பி. ஒருத்தரும் கேக்கல்ல."