ஓடியிருக்க வேண்டிய கால்

மகளிர் கால்பந்து அணியின் கோச்சுக்கு ‘ஐஸ்பெட்டி’ என்று பெயர் வைத்தவர்கள் எதிரணிக்காரர்கள். மற்ற கோச்சுகள் பந்துப்பையோடு வந்தால், இவர் தோளில் ஐஸ்பெட்டி தொங்க வந்து நிற்பார். உடம்பைச் சூடுபடுத்தாமல் யாரும் பந்தைத் தொடக்கூடாது. வலியை மறைத்து ஆடியவளுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. “இவர் டீம்ல சேர்ந்தா கோல் விழுதோ இல்லையோ, சளி பிடிக்கும்” என்று அவருடைய பெண்களே கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் அவருடைய வலது முட்டி. அவர் ஆடிய காலத்தில், வீங்கிய முட்டியில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, “ஒண்ணுமில்ல, போ” என்று உள்ளே தள்ளிவிட்டார் அப்போதைய கோச். அன்றோடு இவருடைய ஆட்டம் முடிந்தது. தன் கையில் எந்தப் பிள்ளையின் காலும் அப்படிப் போகக்கூடாது என்று அப்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அதற்குப் பலனும் இருந்தது. அவர் அணியில் அடிபட்டுப் படுத்தவர்கள் அரிது.

இடது ஓரத்தில் ஆடியவளைக் ‘கீரி’ என்பார்கள். நாலு பேர் மறித்தாலும் எந்தச் சந்திலாவது புகுந்து வெளியே வந்துவிடுவாள். ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவளுக்குத் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. ஐஸ்பெட்டி பதறவில்லை. முதலில் ஓய்வு, பிறகு நடை, அப்புறம் மெல்ல ஓட்டம் என்று, அணியில் காயங்களைக் கவனிக்கும் பிசியோ சொன்னபடியே அவளைத் தேற்றிக்கொண்டு வந்தார். கீரியும் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்க, அடுத்த ஆட்டத்தைப் பார்க்கத் தேர்வாளர்கள் வரவிருந்தார்கள். வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

ஆட்டத்துக்கு முந்தைய நாள், பிசியோ அவளை ஒற்றைக்காலில் குதிக்கவைத்தாள். முழு வேகத்தில் ஓடவிட்டுச் சட்டென்று திரும்பச் சொன்னாள்.

“ரெண்டு காலும் ஒண்ணுபோல இருக்கு சார். தாராளமா ஆடலாம்.”

மறுநாள் மைதானத்தில் உடம்பைச் சூடுபடுத்தும்போது கீரியின் கை ஒருமுறை தொடையைத் தடவியது. ஐஸ்பெட்டி அதைப் பார்த்துவிட்டு அவளிடம் விரைந்தார்.

“வலிக்குதாம்மா?”

“இல்ல சார், சும்மா கை போச்சு.”

“நீ இன்னிக்கு உக்காரு.”

“சார், சத்தியமா வலிக்கல. ஓடிக் காட்டவா?”

“உக்காருன்னு சொல்றேன்ல!”

பிசியோ ஓடிவந்தாள். “கொஞ்ச நேரமாவது விடுங்க சார். வலிச்சா உடனே வெளிய எடுத்துடலாம்.”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி விசில்வரை கீரி பெஞ்சிலேயே இருந்தாள், ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக. தேர்வாளர்கள் வேறு இரண்டு பெண்களைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தோழிகள் சொன்னார்கள்.

“நேர்ல போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்” என்றாள் அவர் மனைவி. “தினமும் தட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தா சரியாப் போயிடுமா?”

போனார். கீரி, கடையின் மாடியிலிருந்து தாடைவரை பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கிவந்தாள்.

“வாங்க சார். என்ன சைஸ்?” என்று சிரித்தாள்.

“கால் எப்படிம்மா இருக்கு?”

“அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு சார்.”

“உன் நல்லதுக்குத்தாம்மா...”

“தெரியும் சார். ஆனா அன்னிக்கு நீங்க பயந்தது உங்க முட்டிய நெனச்சு. என் காலைப் பாத்து இல்ல.”

“தப்புதாம்மா. திரும்ப வந்துடேன்.”

“மனசு வரல சார்.” பெட்டிகளை இறக்கிவைத்தாள். வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அதன்பின் அணியில் ஒரு வழக்கம் வந்தது. காயம்பட்டவள் ஆடலாமா வேண்டாமா என்பதை அவளும் பிசியோவும் கோச்சும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார்கள். அடுத்த பருவத்தில், கணுக்கால் பிசகித் தேறிய தடுப்பாட்டக்காரி ஒருத்திக்குப் பிசியோ பச்சைக்கொடி காட்டினாள். வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஐஸ்பெட்டி அவளை இறக்கினார். ஆட்டம் முழுக்க அவர் கண் பந்தின் மேல் இல்லை, அந்தக் கணுக்காலின் மேல்தான் இருந்தது.

அன்று மாலை மனைவி கேட்டாள். “அந்தப் பொண்ணை ஆடவிட்டீங்களா?”

“விட்டேன்.”

“ஏதாவது ஆச்சா?”

“ஒண்ணும் ஆகல” என்றார். “அன்னிக்குக் கீரியையும் இப்படி விட்டிருக்கலாம்.” மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.